மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

முன்பெல்லாம் என் கணினியில்
ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.
அரட்டைச் செயலி 'இருக்கிறார்' என்றால்
அஞ்சல் செயலி 'விடுப்பில்' என்னும்.
நாட்காட்டி என்னைக் கூட்டத்தில் உட்காரவைத்திருக்கும்,
போன செவ்வாயே ரத்தான கூட்டம்.
பாட்டுச் செயலிக்கு எந்தக் கவலையும் இல்லை,
ஆளில்லாத அறைக்கும் பாடும்.

ப்ர்னோவின் குளிர்காலம் ஒன்று முழுக்க
இதைத்தான் உட்கார்ந்து சரிசெய்தேன்.
பின்னணியில் ஒரு சின்ன நிரல்.
யார் எதைக் கண்டாலும் அதனிடம் சொல்ல வேண்டும்,
அது சொல்வதையே எல்லோரும் சொல்ல வேண்டும்.
மவுஸ் நகர்ந்தால், விசை அழுந்தினால்,
இருக்கிறார்.
பத்து நிமிடம் அசைவில்லையா,
வெளியே.

பதிப்பு வெளியான அன்று
போர்த்தோ அலெக்ரேயிலிருந்து ஜாண்டிரா எழுதினாள்:
"ஒருவழியாக நீ ஒரே ஆள் ஆகிவிட்டாய்."

டிசம்பர் இருபத்திரண்டு, மாலை நான்கு, இருட்டிவிட்டது.
குப்பைப் பையோடு கீழே போனேன்.
இரண்டு நிமிட வேலை,
அதற்குப் போய் யார் திரையைப் பூட்டுவார்?
கைபேசி சார்ஜில் கிடந்தது.
திரும்பும்போது லிஃப்ட்
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்
நின்றுபோனது.

உள்ளே என்னோடு ஆறாம் மாடி ஹ்ருஷ்கா.
ஒன்பது வருடமாக வணக்கத்துக்கு மேல்
ஒரு சொல் பேசியதில்லை நாங்கள்.
அவர் கையில் பண்டிகைக்கு வாங்கிய கெண்டை,
பிளாஸ்டிக் வாளியில், உயிரோடு.
அவசர பொத்தானை அழுத்தினோம்.
'உங்கள் அழைப்பு பதிவாகிவிட்டது'
என்றது ஒரு குரல்.
எங்கே என்று சொல்லவில்லை.

மேலே என் மேசையில் ஃபஸோலே.
பூனையும் மவுஸும் என்று நீங்கள் சிரிக்கலாம்,
அவள் படுத்தது விசைப்பலகையின் மேல்,
சூட்டுக்காக.
மூச்சுக்கு ஒரு விசை அழுந்தியது.
'இருக்கிறார்' என்றது அரட்டை.
அஞ்சல் வழிமொழிந்தது.
நாட்காட்டி வழிமொழிந்தது.
'பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்' என்று
பாட்டுச் செயலி தன் பங்குக்குச் சாட்சி சொன்னது.
ஒரு குரல்கூட மாறவில்லை.
என் நிரல் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

ஓஸ்ட்ராவாவிலிருந்து அக்கா ட்ரஹோமீரா:
'அப்பாவின் கராஜை ஒருவர் கேட்கிறார். பேசலாமா?'
'படித்துவிட்டாய் என்று காட்டுகிறது.'
'பாட்டு வேறு கேட்கிறாய்.'
'இருந்துகொண்டே இல்லாமல் இருப்பது
உனக்கென்ன புதிதா?'
அப்போது ஒரு பாதம் புரண்டு
என் பெயரில் பதில் போனது:
'ஜ்ஜ்ஜ்ஜ்ஜ்ஜ்ஜ்'

லிஃப்டில் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.
கதவில் இன்னும் மனைவியின் பெயர்தானாம்.
தபால்காரர் கேட்டால்
'வெளியே போயிருக்கிறாள்' என்பாராம் ஹ்ருஷ்கா.
எத்தனை நாளாக என்று
நான் கேட்கவில்லை.
வாளியை ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தோம்.
மீன் திரும்பும்போதெல்லாம்
தண்ணீர் என் சட்டையில் தெறித்தது.

ஆறேகாலுக்கு ஆள் வந்து கதவைப் பிளந்தார்.

அக்காவைக் கூப்பிட்டேன்.
"நீ அங்கேதான் இருந்தாய். பச்சையாக எரிந்தது, பார்த்தேன்."
"பச்சைப் பொய்," என்றேன்.
லிஃப்டைச் சொன்னேன், பூனையைச் சொன்னேன்.
வெகுநேரம் சத்தமே இல்லை,
அவள் இருக்கிறாளா என்று
திரையைப் பார்த்தேன்.
"கராஜைக் கொடுத்துவிட்டேன்," என்றாள் பிறகு.
"உன் ஜ்ஜ்ஜ்ஜை
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்."

பிழைப் பட்டியலில் அன்றிரவு ஒன்று சேர்த்தேன்.
தலைப்பு: பூனை.
ஜாண்டிரா கீழே கேட்டிருக்கிறாள்,
பூனை இருப்பதும் இருப்புதானே என்று.
பதில் எழுதவில்லை இன்னும்.

கெண்டை ஹ்ருஷ்காவின் குளியல் தொட்டியில்.
பண்டிகை போய்விட்டது, வெட்ட மனம் வரவில்லையாம்.
குளிக்க என் வீட்டுக்கு வருகிறார்,
தோளில் துண்டோடு,
படியேறி.